வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரை: மெட்ரோவில் இறங்கி வடசென்னையை நடந்து பார்ப்பது எப்படி?

வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த சென்னை மெட்ரோவின் நீல வழித்தடம் 2021 பிப்ரவரி 14 அன்று இன்னும் 9 கிலோமீட்டர் வடக்கே நீண்டது. திருவொற்றியூர் தேரடி, விம்கோ நகர் பணிமனை என்ற இரண்டு நிலையங்கள் மட்டும் அடுத்த ஆண்டு திறந்தன. சென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், வேலைக்காக வந்து தென்சென்னையிலேயே தங்கிவிட்டவர்கள், ஏன், இங்கேயே பிறந்து பாரிமுனைக்கு வடக்கே கால் வைக்காதவர்கள் என்று பலருக்கும் இந்தப் பாதை ஒரு நல்ல சாக்கு. வடசென்னை என்றதும் சினிமா காட்டிய கத்தியும் கும்பலும்தான் நினைவுக்கு வருகிறது என்றால், அந்தப் படத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்புங்கள். சென்னை என்ற நகரத்துக்குத் துணியையும் மீனையும் தீப்பெட்டியையும் மோட்டார் சைக்கிளையும் செய்து கொடுத்த பகுதி இது.

இந்த வழித்தடத்தில் வரலாறு பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்றுதான். ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கியதும் "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று தேடாதீர்கள். "இங்கே இருந்தவர்கள் என்ன வேலை செய்தார்கள்?" என்று கேளுங்கள். வெளுத்தார்கள், நெய்தார்கள், மீன் பிடித்தார்கள், கோயில் விளக்குக்கு எண்ணெய் ஆட்டினார்கள், ஆலையில் ஷிப்டு பார்த்தார்கள். தொழிலைப் பிடித்துக்கொண்டால் தெருக்கள் தாமாகவே விளங்க ஆரம்பிக்கும்.

கிளம்பும் முன்

முதலில் திசையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே மெட்ரோ ஏறக்குறைய திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டியே போகிறது. அதற்குக் கிழக்கே கடல். மேற்கே கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயில் பாதை. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள நீண்ட பட்டைதான் நீங்கள் நடக்கப்போகும் இடம். வடக்கு நோக்கிப் போகும் வண்டியில் வலப்பக்கம் கடல்பக்கம் என்று நினைவில் வைத்தால் எங்கேயும் வழி தவறாது.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் ஆகிய நான்கு பெயர்களிலும் புறநகர் ரயில் நிலையங்களும் உண்டு. பெயர் ஒன்றானாலும் இடம் வேறு. நண்பரைச் சந்திக்கச் சொல்லும்போது "மெட்ரோ" என்ற சொல்லைச் சேர்த்தே சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பார்.

பயண அட்டை வாங்கிக்கொள்வது நல்லது. ஒரு நாளில் நான்கைந்து முறை இறங்கி ஏறுவீர்கள், ஒவ்வொரு முறையும் தனிப் பயணச்சீட்டு எடுப்பது அலுப்பு. தண்ணீர், தொப்பி, கழற்றி மாட்ட எளிதான செருப்பு இவை போதும். கோயில்கள் மதியம் நடை சாத்தப்படும், மீன்சந்தை விடிகாலையில்தான் களைகட்டும், வெயிலோ பத்து மணிக்கே ஏறிவிடும். அதனால் எல்லா நிலையத்தையும் ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: வண்ணாரப்பேட்டையும் ராயபுரமும் ஒரு நாள், காசிமேடும் காலடிப்பேட்டையும் ஒரு நாள், திருவொற்றியூருக்கு முழுதாக ஒரு நாள்.

முதல் நாள்: வண்ணாரப்பேட்டை, ராயபுரம்

வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி மேலே வந்ததும் கடைக்குள் நுழைந்துவிடாமல் முதலில் பழைய ஜெயில் ரோடு பக்கம் நடங்கள். ஜெயில் இருந்த இடத்தில் இப்போது பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. இந்தச் சாலையை ஒட்டித்தான் பழைய சென்னையின் வடக்கு மதில் ஓடியது. 1758 டிசம்பரில் லாலி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது கறுப்பர் நகரம் என்று அப்போது அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனுக்குள் எளிதாகப் புகுந்துவிட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகு நகரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். 1770களின் தொடக்கத்தில் வேலை முடிந்தது. செலவை மக்களிடம் வரியாக வசூலிக்கத் திட்டமிட்டு, கடைசியில் வசூலிக்கவே இல்லை. வரி போனாலும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் நின்றுவிட்டது.

மதிலில் மிஞ்சிய ஒரு துண்டு இன்னும் இருக்கிறது. மாடிப் பூங்கா என்று கேட்டால் காட்டுவார்கள். பெயருக்கேற்றபடி தரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் பூங்கா. நீங்கள் நிற்பதே மதிலின் மேல்தான். அவசரப்படாமல் அதன் கனத்தைப் பாருங்கள். பீரங்கியை நிறுத்தி வைக்கக் கட்டிய சுவர் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பது, படித்துத் தெரிந்துகொள்வதைவிட அங்கே நின்றால் உடனே புரியும். தெற்கே திரும்பினால் மதிலுக்கு உள்ளே இருந்த வணிகர் நகரம், வடக்கே திரும்பினால் மதிலுக்கு வெளியே இருந்த உழைப்பாளர் பேட்டை. வண்ணாரப்பேட்டை பிறந்தது இந்த வெளிப்பக்கத்தில்.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் கடை விரித்ததே துணிக்காகத்தான். நெசவாளரிடமிருந்து வரும் துணியை அப்படியே கப்பலேற்ற முடியாது. வெளுக்க வேண்டும், வெயிலில் விரித்துக் காய வைக்க வேண்டும். அதற்குத் தண்ணீரும் வேண்டும், பரந்த வெளியும் வேண்டும். நகரத்தின் வடக்கு ஓரத்தில் இரண்டும் கிடைத்தன. வெளுப்பவர்கள் குடியேறினார்கள். இன்றைக்கு எம்.சி. ரோட்டில் வரிசையாக நிற்கும் ஜவுளிக்கடைகளைப் பார்க்கும்போது, இந்த இடத்தில் துணி வியாபாரம் திடீரென்று முளைத்ததில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் நடைப்பயணமாக இங்கே வராதீர்கள், நகரவே முடியாது. துணி எடுக்க வேண்டுமானால் அது வேறு விஷயம்.

அப்புறம் ஸ்டான்லி மருத்துவமனை. பழைய ஆட்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 வாக்கில், ஹைதர் அலியுடனான போரின்போது பஞ்சம் வந்து கிராமத்து மக்கள் நகரத்துக்கு ஓடிவந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற மணியக்காரர் சத்திரம் தொடங்கியது. சத்திரத்தோடு மருத்துவமும் வளர்ந்து, பின்னால் பெரிய மருத்துவமனையாகி, 1938இல் ஆளுநர் ஸ்டான்லியின் பெயரில் மருத்துவக் கல்லூரியும் ஆனது. உள்ளே சுற்றிப் பார்க்கப் போக வேண்டாம், நோயாளிகளுக்கு அது தொந்தரவு. வாசலில் நின்று இந்தக் கதையை நினைத்துக்கொண்டு நகர்வதே மரியாதை.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து ராயபுரம் ரயில் நிலையம் போங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. பம்பாயிலும் தானேயிலும் அதற்கு முன்பே ரயில் ஓடினாலும், அங்கிருந்த முதல் கட்டடங்கள் இப்போது இல்லை. ஆகவே நாட்டில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இதுதான். முகப்பில் வரிசையாக உயரமான தூண்கள், அவற்றின் பின்னால் நிழலான தாழ்வாரம். 1873இல் சென்ட்ரல் வந்த பிறகு மெல்ல மெல்ல ராயபுரத்தின் மவுசு குறைந்துவிட்டது. புத்தம் புதிய மெட்ரோவில் வந்து இறங்கியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் என்று சொல்வேன்.

ராயபுரத்திலேயே, ஒன்றுக்கொன்று நெருக்கமாக மூன்று இடங்கள் உண்டு. படகுத் தொழில் செய்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய புனித ராயப்பர் தேவாலயம், 1910இல் எழுந்த பார்சிகளின் அக்கினி ஆலயம், அறிஞர் அண்ணா பூங்கா. அக்கினி ஆலயத்துக்குள் பார்சி அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை, வெளியே இருந்தே பாருங்கள். தமிழ்நாட்டில் பார்சிகளுக்கு இருக்கும் ஒரே ஆலயம் அது. பூங்கா முன்னாளில் ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடந்தது இங்கேதான். அரசியலில் உங்கள் பக்கம் எதுவானாலும், இன்றைய தமிழ்நாட்டை உருவாக்கிய இடங்களில் ஒன்று இவ்வளவு சாதாரணமான ஒரு பேட்டைப் பூங்காவாக இருப்பது பார்க்க வேண்டிய ஒன்று.

தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை: போகிற போக்கில்

அடுத்த நிலையத்தின் பெயர் சர் தியாகராயா கல்லூரி. தி.நகரின் பெயரிலுள்ள அதே பிட்டி தியாகராயர்தான். நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், நெசவாலை நடத்தியவர், இந்தப் பகுதிக்காரர். மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க வழி செய்தார். பிற்காலத்தில் தமிழ்நாடு முழுக்க விரிந்த சத்துணவுக்கு அது முன்னோடி. தி.நகரில் நகைக்கடைக் கூட்டத்தில் நசுங்கும்போது நினைவுக்கு வராத மனிதர், இங்கே நெசவுக்காரராக நினைவுக்கு வருகிறார்.

தண்டையார்பேட்டையில் ஒரு கதை கேட்பீர்கள். தொண்டியிலிருந்து வந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபுவை மக்கள் தொண்டியார் என்று அழைத்தார்கள், அவரால்தான் இந்தப் பெயர் என்பார்கள். சொல்பவர்கள் அன்போடு சொல்வார்கள், அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவர் பிறந்தது 1792இல். கம்பெனி எழும்பூர், புரசைவாக்கத்தோடு தண்டையார்பேட்டையைப் பெற்றது 1693இல். ஊர் மூத்தது. புதிதாக ஊர் வரலாறு பார்ப்பவர்களுக்கு இது நல்ல பயிற்சி: கதை கேட்டதும் ஒரே ஒரு ஆண்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டாலும் கதையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்த ஞானிமேல் ஊருக்கு எவ்வளவு பிரியம் என்பதை அது சொல்கிறதே. ராயபுரத்தில் அவரது தர்கா இருக்கிறது, எல்லா மதத்தவரும் போவார்கள்.

இரண்டாம் நாள்: காசிமேடு, டோல்கேட், காலடிப்பேட்டை

விடிகாலையில் முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்து தண்டையார்பேட்டையில் இறங்கி, கிழக்கே ஆட்டோவில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதும். வாங்க வேண்டுமானால் ஞாயிறு, பார்க்க வேண்டுமானால் வார நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், வரத்து குறைந்து விலை ஏறும். வலை பின்னுவதையும் படகுக்குப் பழுது பார்ப்பதையும் பார்க்க அதுதான் ஏற்ற காலம்.

ஏலம் நடக்கும் இடத்தில் ஓரமாக நில்லுங்கள். கூடை சுமந்து வருபவர்களுக்கு வழி விடுவது இங்கே முதல் விதி. வஞ்சிரம் ஒரு பக்கம் பளபளத்துக் கிடக்க, இன்னொரு பக்கம் சங்கராவும் நெத்திலியும் சின்னச் சின்னக் கூறாகக் கட்டி வைத்திருப்பார்கள். ஒரு கூறு இவ்வளவு என்று விலை, தராசு கிடையாது. விலை கேட்டால் வாங்கும் எண்ணத்தோடு கேளுங்கள். வாங்கிய மீனைக் கழுவி நறுக்கித் தரப் பெண்கள் தனியாக உட்கார்ந்திருப்பார்கள், அதற்குத் தனிக் கூலி. "அக்கா, குழம்புக்கா வறுவலுக்கா எப்படி வெட்டலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், சமையல் குறிப்பும் சேர்ந்து கிடைக்கும். முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

கடற்கரை என்றதும் மெரினா போல மணல்வெளியை எதிர்பார்த்து வந்தால் இங்கே ஏமாற்றம்தான். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிப் பாறாங்கல் கொட்டிய தடுப்புச் சுவர்தான் கடலுக்கு முன்னால் நிற்கும். இதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கி, கடலுக்குள் சுவர் நீட்டியதும் அந்த ஓட்டம் தடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. மெரினாவில் காற்று வாங்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை மீனவர்கள் வீடும் தெருவும் இழந்தது இந்தக் கணக்கில்தான். பாறைகள்மேல் ஏற வேண்டாம், வழுக்கும். சாலையைக் கடக்கும்போது கண்டெய்னர் லாரிகளைப் பார்த்துக் கடங்கள்.

தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் மெட்ரோ பூமிக்கு அடியிலிருந்து மேலே ஏறிவிடுகிறது. வலப்பக்க ஜன்னலோரம் நின்றுகொள்ளுங்கள். மாடி வீடுகளுக்கு இடையே கடல் வந்து வந்து போகும். புது வண்ணாரப்பேட்டையை அடுத்து வருகிற டோல்கேட்டில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய சுங்கச்சாவடியின் பெயர், அவ்வளவுதான். ஆனால் எல்லை என்ற நினைப்பில் கடந்து போங்கள்: திருவொற்றியூர் 2011 வரை தனி நகராட்சி. அதன் பிறகே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது.

காலடிப்பேட்டையில் கட்டாயம் இறங்குங்கள். யாருடைய காலடி என்று தேட வேண்டாம், இது காலட்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களையும் துணியில் வண்ணம் தீட்டுபவர்களையும் குடியேற்றிய ஊர். வண்ணாரப்பேட்டையில் பார்த்தோமே, வெளுப்பவர்களின் பேட்டை, அதன் தொடர்ச்சி இது. ஒரே துணி வியாபாரத்தின் இரண்டு முனைகளை நான்கைந்து நிலையங்களில் கடந்திருக்கிறீர்கள். திருவொற்றியூரே 1708இல் கம்பெனிக்குக் கிடைத்த ஐந்து கிராமங்களில் ஒன்று.

இங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. காலட்டிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் காஞ்சி வரதரை வணங்காமல் வேலைக்கு வரமாட்டாராம். தாமதமாக வந்த ஒரு நாள் ஆளுநர் கோபத்தில், "இப்போது உன் பெருமாள் காஞ்சியில் என்ன செய்கிறார்?" என்று கேட்க, "தேர் நகராமல் நிற்கிறது" என்றாராம். ஆள் அனுப்பி விசாரித்தால் அப்படியே நடந்திருந்தது. காலட் மனம் மாறி இங்கேயே கோயில் கட்டிக் கொடுத்தார் என்பது ஊர் சொல்வது. கோயிலில் பெரியவர் யாராவது இருந்தால் இந்தக் கதையை அவர் வாயால் கேளுங்கள், ஒவ்வொருவர் சொல்வதும் கொஞ்சம் மாறும்.

மூன்றாம் நாள்: திருவொற்றியூர்

தேரடி நிலையத்தில் இறங்கினால் தியாகராஜர் கோயில் நடக்கும் தூரம். காலையிலேயே போய்விடுங்கள். பௌர்ணமி வெள்ளிக்கிழமையாக அமைந்தால் வடிவுடையம்மனைத் தரிசிக்கப் பெருங்கூட்டம் வரும். கட்டடத்தையும் கல்வெட்டையும் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

தரிசனம் முடிந்ததும் வெளியே வந்துவிடாமல் மூலவரான ஆதிபுரீசுவரரின் கருவறையைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். சுவர் மூலையாக மடங்காமல் அரைவட்டமாக வளைந்து போவதைக் கவனியுங்கள். தூங்கானை மாடம் என்பது இந்த அமைப்புதான். படுத்திருக்கும் யானையின் பின்புறத்தை ஒத்த வடிவம். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், சதுரானன பண்டிதர் என்ற மடத்துத் துறவி கேட்டுக்கொள்ள, இதைக் கருங்கல்லில் எழுப்பிய சிற்பியின் பெயர் ரவி என்ற வீரசோழத் தச்சன். கல்வெட்டே அவரைச் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கட்டடத்தில் கட்டியவரின் பெயர் தெரிவது அபூர்வம். வேலை செய்தவர்களைத் தேடி வந்த நமக்கு இதைவிட நல்ல பரிசு கிடைக்காது. பல்லவர் காலக் கல்வெட்டுகளும் இங்கே உண்டு. எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கல்லின் மேல் விழும் சாய்வு வெளிச்சத்தில் வரிகள் ஓடும் விதத்தைப் பாருங்கள். கையால் தேய்க்காதீர்கள், மாவு பூசாதீர்கள்.

புற்று வடிவமான மூலவரை ஆண்டு முழுவதும் கவசத்தோடுதான் காண முடியும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் நீங்கும். உள்ளே ஒரு மகிழ மரம் உண்டு. சுந்தரர் சங்கிலியாரை மணந்து, பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்த இடம். சத்தியத்தை மீறி திருவாரூருக்குக் கிளம்பியதும் கண்பார்வை போனது என்பது பெரியபுராணக் கதை. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இதை நினைத்துத்தான். விளக்கெரிக்க எண்ணெய் வாங்கப் பணமில்லாமல் தன் குருதியையே ஊற்றத் துணிந்த கலிய நாயனார் இந்த ஊர்ச் செக்குக்காரர். வள்ளலார் இளமையில் ஏழுகிணற்றிலிருந்து அடிக்கடி இங்கே வந்து வழிபட்டவர். நீங்கள் வண்டியில் வந்த ஏறக்குறைய அதே வழியை அவர் நடந்து கடந்திருக்கிறார்.

கோயிலிலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போனால் பட்டினத்தார் சமாதி. பேய்க்கரும்பு இனித்த இடத்தில் அடங்கினார் என்பார்கள். சிறிய கோயில், அமைதியாக இருக்கும்.

மதியத்துக்குமேல் மிச்சம் இருப்பது ஆலைகள். துறைமுகமும் ரயிலும் பக்கத்தில் இருந்ததால் 20ஆம் நூற்றாண்டில் இந்தப் பட்டை தொழிற்பேட்டையானது. விம்கோ நகருக்குப் பெயர் தந்தது தீப்பெட்டி ஆலை. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கியது. 1955இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் சென்னைக்கு வந்து, திருவொற்றியூர் ஆலையிலிருந்து நாடெங்கும் போயின. ஆலைகளுக்குள் விடமாட்டார்கள், அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம். நெடுஞ்சாலை டீக்கடைகளில் உட்காருங்கள். ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் யாராவது இருப்பார்கள். "இங்கே முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டால் "எல்லாம் காடுதான்" என்று முடித்துவிடுவார்கள். "ஐயா, நீங்க எந்தக் கம்பெனி? எந்த ஷிப்டு?" என்று கேளுங்கள். சங்கு ஊதிய நேரம், போனஸ் கிடைத்த ஆண்டு, கதவடைப்பு, ஷிப்டு விடும்போது சாலையை அடைத்துப்போன சைக்கிள்கள் என்று பேச்சு வரும். பேசியதை எழுதிக்கொள்ளவோ பதிவு செய்யவோ நினைத்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டீக்காசை நீங்கள் கொடுத்துவிடுங்கள்.

திரும்பும்போது விம்கோ நகரிலிருந்து மெட்ரோவுக்குப் பதில் புறநகர் ரயிலைப் பிடிக்கலாம். கட்டணம் குறைவு, மேற்குப் பக்கத்துப் பேட்டைகளும் கண்ணில் படும். சில வண்டிகள் சென்ட்ரலுக்கும் சில பீச் நிலையத்துக்கும் போகும், பலகையைப் பார்த்து ஏறுங்கள். பீச் நிலையத்தில் இறங்குவதாக இருந்தால் மாலையில் பர்மா பஜார் பக்கம் அத்தோ கடைகள் திறந்திருக்கும். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த உணவு அது, கூடவே வாழைத்தண்டு போட்ட சூப்பும் கேட்டு வாங்குங்கள்.